புலம்பல் பாட்டுக்குக் குறிப்பு எழுதிய தவக்காலம்

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது நான் இலுப்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஆறாவது வருடம், ஆவூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், மாதா கோயிலை ஒட்டியிருந்த ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பகுதி அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. நான் இந்துக் குடும்பத்துப் பெண். வாரம் ஐந்து நாள் அந்த ஊரில் ஓர் அறையில் தங்கியிருப்பேன். சனிக்கிழமை பஸ் பிடித்து இலுப்பூர் போவேன். சின்ன வயதிலிருந்தே டைரி எழுதும் பழக்கம் உண்டு. மழை பெய்த நாள், பஸ் வராத நாள், படித்து முடித்த புத்தகம் எல்லாம் கிழமையோடு அதில் இருக்கும். அந்த வருடத்து மாசி, பங்குனி, சித்திரைப் பக்கங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் வருடம் தவறாமல் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுநாதரின் பாடுகளைப் பாட்டும் வசனமுமாக நடிப்பது. மற்ற ஊர்களில் விடிய விடிய நடக்கும். இங்கே ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார்கள். சுற்றுப்பட்டு ஜனங்கள் கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டும். நடிப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். மாதா வேஷம் கட்டுபவரும் ஆண்தான். பதினோரு வருடமாக அதைக் கட்டி வந்தவர் கடலை விவசாயி, நாற்பத்தைந்து வயது, எழுதப் படிக்கத் தெரியாது. சேலை கட்டிக்கொண்டு சிலுவையடியில் அவர் பாடும் புலம்பல் பாட்டுக்காகவே விராலிமலைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்று சொல்வார்கள்.

அந்த வருடம் தை மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கெட்டுவிட்டது. பேசினால் காற்றுதான் வந்தது. வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் அந்த ஊர்ப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள். ஞாயிறு செபத்துக்குக் கோயிலில் பாடுவாள். அவளிடம்தான் வந்தார்.

“தொண்டைதான் போச்சு தங்கச்சி, ஒடம்பு போகலை. நான் ஆடுறேன், நீ பாடு.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “ஏழு வயசுலேருந்து அந்தப் பாட்டைக் கேக்குறேன்க்கா. வீட்ல அடுப்படியில தனியாப் பாடுவேன். ஊருக்கு முன்னால ஒரே ஒரு தடவை பாடணும்.”

நாடகத்துக்குப் பொறுப்பு உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, ஞானோபதேசம் நடத்துவது, நாடகம் எல்லாம் உபதேசியார் கையில். கண்டிப்பானவர், ஆனால் பேச்சு மாறாதவர். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னார்.

“பாடட்டும். ஆனா மேடையில நிக்கக் கூடாது, திரைக்குப் பின்னால உக்காந்து பாடணும். பொம்பளைக் குரல் எடுத்ததால நாடகம் பிசகிப்போச்சுன்னு ஒருத்தன் சொன்னான்னு வைங்க, அத்தோட சரி. அடுத்த வருஷம் கேக்கக் கூடாது.”

அவள் ஒப்புக்கொண்டாள். பழைய பாட்டு நோட்டைக் கரையான் அரித்திருந்ததால் புதிதாகப் படி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. ராகம் தெரியாது. தாளம் மட்டும் எண்ணத் தெரியும்.

பழைய நோட்டில் புலம்பல் இப்படித் தொடங்கியது: “மடிமேல் வளர்ந்த மகனே, இன்று மரமேல் கிடப்பதென்ன?” இது பல்லவி. பிறகு நான்கு சரணங்கள். எல்லாம் முடிந்த பிறகு, அடியில், மொத்தமாக ஒரு குறிப்பு: மாதா தூரத்தில் நிற்பாள், ஓடி வருவாள், சிலுவையைக் கட்டிக்கொண்டு விழுவாள், எழுவாள், முந்தானையை ஏந்துவாள். எந்த வரியில் விழுவாள், எந்த வரியில் எழுவாள் என்று ஓர் எழுத்துகூட இல்லை. முதலில் இதை எழுதியவரின் அலட்சியம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பாடுகிறவரும் நடிக்கிறவரும் ஒரே ஆள். விழ வேண்டும் என்று தோன்றும் இடத்தில் அவரே விழுந்துகொள்வார், பாட்டும் அவரோடு விழும். இப்போது குரல் திரைக்குப் பின்னால், உடம்பு திரைக்கு முன்னால். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இனிமேல் ஒவ்வொரு செய்கைக்கும் பாட்டில் ஓர் இடம் குறித்தாக வேண்டும்.

குறித்தேன், மொத்தம் பதினொரு குறிப்பு. புது நோட்டில் கறுப்பு மையில் பாட்டு, சிவப்பு மையில் குறிப்பு. வரிக்கு வெளியே எழுதாமல், எந்தச் சொல்லில் செய்ய வேண்டுமோ அந்தச் சொல்லின் தலைக்கு மேலேயே எழுதினேன். “மரமேல்” என்ற சொல்லுக்கு மேலே: சிலுவையைக் கட்டிக்கொண்டு விழவும். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. விவசாயியைக் கூப்பிட்டு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

உயிர்ப்புக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் ஞாயிறு, காலைச் செபம் முடிந்து பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஒத்திகை. ஒத்திகை உள்ள வாரங்களில் நான் இலுப்பூர் போகாமல் தங்கிவிட்டேன். கயிற்றில் ஜமக்காளம் தொங்கவிட்டு அதுதான் திரை. அதற்குப் பின்னால் அவளும் நானும். திரையின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் ஆர்மோனியக்காரர். அவர் இலுப்பூரில் தையல் கடை வைத்திருந்தவர், எந்த ஊர் நாடகத்துக்கும் போவார், எந்த மதத்துச் சாமிக்கும் வாசிப்பார். உபதேசியார் எதிரே பெஞ்சில்.

அவள் எடுத்தாள். “மடிமேல் வளர்ந்த மகனே, இன்று மரமேல்” என்றதும் தடால் என்று சத்தம் கேட்டது. சரியான இடம் என்று நான் சந்தோஷப்பட்டேன். பல்லவியை இரண்டாம் முறை பாடினாள். மறுபடியும் தடால். முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பினாள். தடால், தடால். இரண்டாம் சரணத்துக்குப் பிறகும் இரண்டு தடால். வெளியே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஆர்மோனியம் நின்றுவிட்டது.

“அண்ணே,” என்றார் தையல்காரர், “சிலுவை இலுப்பைக் கட்டைதான், தாங்கும். நீங்க தாங்குவீங்களா?”

நான் திரையை விலக்கிப் பார்த்தேன். விவசாயி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இல்லாத குரலில் எனக்குப் பதில் சொன்னார்.

“நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, மரமேல்னா விழணும்னு. அது மரமேல் மரமேல்னு வந்துக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. “இது பாஸ்காவா, பொம்மலாட்டமா?” என்றார். “பதினோரு வருஷமா ஒரு தடவைதான் விழுந்தாரு. குரல் மாறுனதும் ஆறு தடவை விழுறாரு.”

அவள் முகம் வாடிவிட்டது. பிசகு என்னுடையது. உபதேசியார் அதை அவள் கணக்கில் எழுதப்போகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பாட்டு என்பது நோட்டில் எழுதியிருப்பது போல ஒருமுறை நடந்து முடிவதில்லை, திரும்பத் திரும்ப வருவது என்பதை நான் யோசிக்கவே இல்லை. புத்தகம் படிக்கிறவள் செய்யும் தப்பு அது. பக்கத்தில் ஒரு சொல் ஒருமுறைதான் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை இலுப்பூரில் தையல் கடைக்குப் போனேன். அவர் பட்டனுக்குத் துளை போட்டுக்கொண்டே வாயால் தாளத்தைச் சொல்ல, நான் எந்த வரி எத்தனை முறை வருகிறது என்று குறித்துக்கொண்டேன். பல்லவி மொத்தம் பத்து முறை. நான்கு சரணம், சரணத்துக்கு நான்கு வரி, ஒவ்வொரு வரியும் இரண்டு முறை, ஆக முப்பத்திரண்டு. எல்லாம் சேர்ந்து நாற்பத்திரண்டு வரி. “பல்லவி” என்று சுருக்கிப் போடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுதாக எழுதினேன். பதினொரு குறிப்புகளும் தத்தம் வரியில் ஒரே ஒரு முறை. விழுவது மூன்றாம் சரணத்துக்குப் பின் வரும் பல்லவியில், இரண்டாம் தடவை. விவசாயிக்குப் புரியும்படி, “மூணாவது சரணம் முடிஞ்சதும் ஒரு தடவை சும்மா இருங்க, அடுத்த தடவை விழுங்க” என்று சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம் ஞாயிறு இரண்டாவது ஒத்திகை. எல்லாம் அளந்து வைத்த மாதிரி நடந்தது. விழ வேண்டிய இடத்தில் விழுந்தார், எழ வேண்டிய இடத்தில் எழுந்தார். உபதேசியார் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“பிசகு இல்லை,” என்றார். “அழுகையும் இல்லை. யாருக்கும் ஒண்ணும் ஆகலை பாருங்க. ஜனங்க வந்து இதைப் பார்த்துட்டு, பழைய குரலே தேவலைன்னுதான் சொல்லப் போறாங்க. குருத்து ஞாயிறு ஒரு தடவை பாக்குறேன். அப்பவும் இப்படித்தான்னா, புலம்பலை எடுத்துட்டு ரெண்டு வசனத்துல முடிச்சுக்கலாம்.”

அவர் போன பிறகு, அவள் அந்த நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாப்பத்திரெண்டு வரின்னு எண்ணிக்கிட்டே பாடினா, எண்ணத்தான் முடியுது. ஒரு வரியை இன்னொரு தடவை பாடணும்னு தோணும், நோட்டு போ போங்குது.”

விவசாயிக்கும் ஒரு குறை இருந்தது. “எனக்கு முட்டி ஒரு நாளைக்கு ஒரு மாதிரி டீச்சர். சீக்கிரம் எந்திரிச்சா சும்மா நிக்குறேன். லேட்டானா பாட்டு என்னை விட்டுட்டு அங்கிட்டுப் போயிடுது. விழுந்தவ எந்திரிக்கிறதுக்கு நேரம் வச்சா எந்திரிப்பா?”

தையல்காரர் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டே சொன்னார்: “எனக்குத்தான் ரெண்டு பேரும் தெரியுது. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை.”

அன்று இரவு டைரியில் இந்த மூன்று பேச்சையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தேன். மறுநாள் கணக்கு வகுப்பில் பிள்ளைகள் சிலேட்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எல்லாக் குறிப்பையும் ஒரே ஆளுக்கு எழுதியிருந்தேன், அதாவது நோட்டுக்கு. விழுவது பாட்டைக் கேட்டுச் செய்கிற காரியம். அதற்கு ஒரு சொல் போதும். ஆனால் அடுத்த வரிக்குப் போவது அவர் எழுந்ததைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். அதைச் சொல்லின் மேல் எழுதக் கூடாது, அவர் உடம்பின் மேல்தான் எழுத வேண்டும். திரைக்குப் பின்னால் இருக்கிற அவளுக்கு அந்த உடம்பு தெரியாது. தையல்காரருக்குத் தெரியும்.

மூன்றாவது முறையாகப் படி எடுத்தேன். இந்தத் தடவை பாட்டைச் சுருக்கமாகவே எழுதினேன். குறிப்புகளில் நான்கு விவசாயிக்கு, சொல்லின் மேல். ஏழு அவளுக்கு, வரியின் ஓரத்தில். விழும் இடத்துக்கு ஓரத்தில் எழுதியது: எழும்வரை இந்த வரி. எழுந்ததும் தையல்காரர் ஆர்மோனியத்தில் மேல் ஸ்தாயியில் ஒரு கட்டையை ஒரே ஒரு முறை தொடுவார். அது கேட்கிற வரை அவள் அந்தப் பல்லவியை எத்தனை முறை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் பாடலாம்.

பத்து வருடம் போல் கழித்து, திருச்சியில் ஒரு சங்கீத ஆசிரியர் வீட்டில் மேல்நாட்டு இசை நாடகம் ஒன்றின் சுரப் புத்தகத்தைப் பார்த்தேன். ஐந்து கோடுகளுக்கு மேலே சாய்வான சிறிய எழுத்தில் குறிப்புகள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சுரத்துக்கு நேர் மேலே. ஓரிடத்தில் சில சுரங்களை இரண்டு பக்கமும் புள்ளி வைத்து அடைத்திருந்தது. இது என்ன என்று கேட்டேன். “மேடையில் வருகிற அம்மாள் நாற்காலியில் உட்காரும் வரை இதையே வாசிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது” என்றார். நான் சிரித்ததற்குக் காரணம் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தவக்காலத்தில், அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

உயிர்ப்புக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறன்று, உபதேசியார் கையில் ஓலைக் குருத்தோடு ஒத்திகை பார்த்தார். அன்று விவசாயி விழுந்ததும் சட்டென எழுந்துவிட்டார். அவள் பல்லவியை இரண்டு முறைதான் பாடும்படி ஆயிற்று. ஆனாலும் ஏதோ இளகியிருந்தது. உபதேசியார் தலையை ஆட்டினார். “சரி, நடக்கட்டும். அந்த நோட்டை அன்னைக்கு என்கிட்ட குடுங்க. நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்.” எங்கே பிசகுகிறது என்று பிடிப்பதற்காகத்தான் கேட்டார். நான் அவளுக்கென்று இன்னொரு படி எடுத்துக்கொண்டு, நோட்டை அவரிடம் கொடுத்தேன்.

உயிர்ப்புக்கு மறுநாள் நல்ல வெயில். கோயில் மைதானத்தில் கீற்றுக் கொட்டகை, முன்னால் மேடை. இலுப்பூரிலிருந்து என் அம்மாகூட வந்திருந்தார். திரைக்குப் பின்னால் மரப்பெட்டி மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கீற்று இடுக்கு வழியாக ஓரத்திலிருந்து எனக்குக் கொஞ்சம் தெரியும். உபதேசியார் மேடையின் கீழே நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் சரணம் வரை ஒரு குறையும் இல்லை. பல்லவி ஒரு முறை. இரண்டாம் முறை, “மரமேல்” என்றாள். விவசாயி சிலுவையடியைக் கட்டிக்கொண்டு விழுந்தார். எழ முயன்றார். எழ முடியவில்லை. சிலுவையை நிறுத்த அடியில் அடித்திருந்த முளையில் சேலை நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் சிலுவையைத் தழுவியபடியே இன்னொரு கையால் சேலையை இழுப்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. மேல் கட்டை ஒலிக்கவில்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். நான் நோட்டின் ஓரத்தில் இருந்த குறிப்பைக் காட்டினேன். எழும்வரை இந்த வரி.

மூன்றாவது முறை பாடினாள். நான்காவது முறை “மகனே” என்பதை மேலே கொண்டுபோனாள். ஐந்தாவது முறை குரலைத் தணித்து, தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் கூப்பிடுவது போலப் பாடினாள். அதை ஒத்திகையில் நான் கேட்டதே இல்லை. கொட்டகையில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், பிறகு பலர். ஆறாவது முறை “இன்று” என்ற இடத்திலேயே நின்றாள், தாளம் தனியாக இரண்டு அடி போயிற்று, பிறகு மீதியைப் பாடினாள். ஏழாவது முறை பாதியில் டர்ரென்று சேலை கிழிகிற சத்தம். விவசாயி தள்ளாடி எழுந்து நின்றார். தையல்காரர் மேல் கட்டையைத் தொட்டார். அவள் நான்காம் சரணத்தை எடுத்தாள்.

முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். “என்னக்கா ஆச்சு? எங்க தப்பு?” என்றாள். நான் சொல்வதற்குள் ஊர்க்காரர் ஒருவர் மேடைக்குக் கீழே உபதேசியாரைப் பிடித்துக்கொண்டார். பொம்பளைக் குரல் வேண்டாம் என்று தொடக்கத்திலிருந்தே சொன்னவர் அவர்.

“பாத்தீங்கள்ல, சேலை மாட்டிக்கிச்சு. அந்தப் புள்ளைக்கு அது தெரியலை, சொன்னதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே.”

உபதேசியார் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். விரலை வைத்தார்.

“எழும்வரை இந்த வரின்னு போட்டிருக்கு. எந்திரிக்கிற வரைக்கும் பாடியிருக்கு. இதுல பிசகு எங்க இருக்கு?”

“அது சேலை மாட்டுனதால…”

“சேலை மாட்டுனது முளை அடிச்சவன் பிசகு. முளை அடிச்சது யாரு? ஒங்க மச்சினன்தானே? அவனை வேணா அடுத்த வருஷம் நிறுத்திடுவோமா?”

ஊர்க்காரர் கூட்டத்துக்குள் போய்விட்டார். உபதேசியார் திரையை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. வெயில் என்று சொன்னால் நம்பலாம். அவளைப் பார்த்து, “அடுத்த வருஷம் இங்கிட்டு வேண்டாம்மா” என்றார். அவள் முகம் செத்துப்போயிற்று. அவர் அவசரமாகக் கையை நீட்டிக் காட்டினார். “அந்தா, அங்கிட்டு, ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல உக்காரு. பார்த்துப் பாடு. பார்த்துப் பாடினா டீச்சருக்கும் இவ்வளவு எழுத்து வேலை இருக்காதுல்ல?”

விவசாயி கிழிந்த சேலையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். “சேலை என் பொண்டாட்டியோடது,” என்றார் அந்தக் காற்றுக் குரலில். “வீட்டுக்குப் போனா எனக்குத்தான் புலம்பல்.”

அடுத்த வருடம் மாசியில், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தைய நாள், உபதேசியாரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் என் அறையில் உட்கார்ந்து அவளுக்காக எழுதிய ஏழு குறிப்புகளையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். எழும்வரை இந்த வரி என்பதையும் அடித்தேன். இனி அவள் கண்ணே பார்த்துக்கொள்ளும். விவசாயிக்கான நான்கும் சொல்லின் தலையில் அப்படியே இருந்தன.

நோட்டை அவளிடம் கொடுத்தேன். மறுநாள் திருப்பித் தந்தபோது இரண்டாம் சரணத்தின் ஓரத்தில் பென்சிலால் அவள் கையெழுத்தில் புதிதாக ஒரு குறிப்பு இருந்தது: இங்கே தண்ணீர்.

“இது எதுக்கு?” என்றேன்.

“திரைக்குப் பின்னால இருந்தப்போ எப்ப வேணா குடிச்சேன்க்கா. இப்ப அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருப்பாங்கள்ல? எங்க குடிக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா நல்லது.”

அந்த இடத்தில் ஆர்மோனியம் தனியாகப் போகும், எட்டு எண்ணிக்கை. போதுமா என்று கேட்டேன். இரண்டு மடக்குக்குப் போதும் என்றாள். பென்சில் அழிந்துவிடும் என்று அதன் மேலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.